முகத்துக்கு மட்டும் பச்சைப் பட்டி

வாங்க சார், வாங்க. மதுரையில இருந்து விடியவே கெளம்பிட்டீங்களோ? அந்த நாற்காலியில உக்காருங்க, ஃபேன் காத்து நேரா வரும். எங்க ஊரு வெயிலு உங்க ஊரு வெயிலு மாதிரி கெடையாது. உப்புக்காத்தோட சேந்து மேலெல்லாம் ஒட்டும்.

நம்ம மாடல் க்ளப் வாட்ஸ்அப் குரூப்புல நான் போட்டிருந்ததப் பாத்துட்டுத்தான வாரீங்க. ஆமா, எல்லாத்தையும் குடுத்திரப் போறேன். கத்தி, இடுக்கி, அரம், லென்சு, பட்டி, எல்லாம். ஏன்னு பொறகு சொல்லுதேன். நீங்க கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிருதேன். மொத மொத ஆள் உருவம் செய்யப் போறேன், பெசஞ்சு உருவம் புடிக்க எந்தப் பட்டி வாங்கலாம்னுதான கேட்டு எழுதியிருந்தீங்க? அந்தப் பெட்டிய இப்படி இழுங்க. எல்லாம் அதுலதான் கெடக்கு.

இந்தா, டியூப்ல இருக்கே, இது காருல கீறல் அடைக்கிறது. இதுல ஆள் செய்யலாம்னு நெனச்சிராதீங்க. காயக் காயச் சுருங்கும். முடி அளவு இடுக்கு இருந்தா அடைக்கலாம், அவ்வளவுதான் அதோட யோக்கியதை. அந்தத் தகர டப்பாவும் கார் பட்டறைச் சாமான்தான். கூட ஒரு சின்ன டியூப் இருக்குல்லா, அதக் கலந்தா அஞ்சே நிமிசத்துல கல்லாயிரும். நாத்தம் கொடலைப் பொரட்டும். நான் கடைசியாச் செஞ்ச தோணி மாடலோட பக்கப் பலகை முழுக்க அதத்தான் பூசி உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். பெரிய வேலைக்கு நல்லது, ஆளுக்கு ஆகாது.

இந்த ரெண்டு குச்சி இருக்குல்லா, இது குழாய்ல ஒழுக்கு அடைக்கிற எபாக்ஸி. எந்த ஹார்டுவேர் கடையிலயும் கெடைக்கும். ரெண்டையும் பெசஞ்சு கம்பி மேல அப்புனா உடம்பு, கை, காலு எல்லாம் வந்துரும். ஒரு மணி நேரத்துல இறுகிரும். ஆனா நறநறன்னு இருக்கும் பாத்துக்கிடுங்க. இதுல ஒரு கண்ணிமை போட முடியாது. அந்த வெள்ளை இருக்கே, அது ஜப்பான் சாமான். தண்ணி தொட்டுத் தடவினா வழவழன்னு வரும். காஞ்ச பொறகும் செதுக்கலாம், தேய்க்கலாம். வேட்டி மடிப்பு, சட்டைக் காலர், கயித்துச் சுருளு எல்லாம் நான் அதுலதான் செஞ்சேன். நீங்களும் அதுல ஆரம்பிங்க. தப்பு பண்ணினாலும் திருத்திக்கிடலாம்.

அது, அந்த நாடாவா வார பட்டி. பாதி மஞ்சளு, பாதி நீலம். அதக் கொஞ்சம் தள்ளி வைங்க சார்.

இல்ல, நல்ல சாமான்தான். அதவிட நல்ல சாமான் இல்லன்னே சொல்லுவேன். ரெண்டையும் வெட்டிப் பெசஞ்சா பச்சையாயிரும். ரப்பர் மாதிரி இழுபடும். ஊசி முனையால ஒரு கோடு போட்டா அந்தக் கோடு அப்படியே நிக்கும். ஆனா வெட்டும்போது ரெண்டு நெறமும் ஒட்டியிருக்கே நடுவுல, அத மட்டும் வெட்டி எறிஞ்சிரணும். அது உள்ளுக்குள்ளயே இறுகிப் போயிருக்கும். சேத்துப் பெசஞ்சா முகமெல்லாம் பொரிப் பொரியா நிக்கும். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது பெல்லார்மின்.

பெல்லார்மின் யாருன்னா... இந்த ஊருல பல் டாக்டர்மார் பத்துப் பேருக்கு அவன்தான் பல்லு செஞ்சு குடுப்பான். சின்ன லேப் வச்சிருக்கான். மெழுகுல பல்லு செதுக்குற கை சார். அரை மில்லிமீட்டரக் கண்ணால அளப்பான். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசுல கிளார்க்கா இருந்தேன். சரக்குப் பட்டியல், ஆள் பட்டியல் எழுதுற வேலை. ரெண்டு பேருக்கும் பழக்கமாகி இருபத்தாறு வருசம் ஆகுது. என் மேல்பல்லு ரெண்டும் அவன் செஞ்சதுதான். பேச்சுவார்த்தை நின்னுபோச்சேன்னு அதக் கழத்தி வைக்கவா முடியும்? அவன் செஞ்ச பல்லாலதான் அவனப் பத்தி உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்.

இந்த மாடல் செய்யுற கிறுக்கு பத்துப் பன்னெண்டு வருசமாத்தான். ஞாயித்துக்கிழமை மாதா கோயில் பூசை முடிஞ்சதும் நேரா இங்க வந்துருவான். கையில ஒரு மக்ரூன் பொட்டலம் இருக்கும். மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் இந்த மேசையிலதான். லாரி செஞ்சோம், ரெயில் எஞ்சின் செஞ்சோம். ஆள் உருவம்னு வந்தா அவன் கைதான். நான் உடம்பு செய்வேன், அவன் முகம் போடுவான்.

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். ரெமிஜியுஸ்னு பேரு. ரெமின்னு கூப்பிடுவோம்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால 'ஜெபமாலை'ன்னு ஒரு தோணி, மாலத்தீவுக்குச் சிமெண்டும் காய்கறியும் ஏத்திக்கிட்டுப் போச்சு. கார்த்திகை மாசம். ரெண்டாவது நாளு புயல். தோணி ஓட்டுற தண்டலோட சேத்து ஒம்பது பேரு. ஒரு ஆளும் வரல, ஒரு ஒடம்பும் வரல. தெக்கே எங்கயோ ரெண்டு பலகையும் ஒரு தண்ணிக் கேனும் மெதந்துதுன்னு சொன்னாங்க. அது யாரோட தப்பும் கெடையாது சார். காத்து அடிச்சா யாரைப் போய் என்ன சொல்ல.

அந்த ஒம்பதுல ரெமியும் ஒருத்தன். அவனுக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே நான்தான்.

பெல்லார்மின்தான் வந்து கேட்டான். 'தம்பிக்குக் கல்யாணம் ஆயிட்டு, அவ மாசமா இருக்கா, கரையில ஏதாவது ஒரு வேலை பாத்துக் குடும் நயினாரே'ன்னான். கரையிலன்னுதான் கேட்டான், நான் இல்லங்கல. எங்க கிடங்குல மூட்டை எண்ணிக் குறிக்கிறதுக்கு ஒரு ஆளு தேவைப்பட்டுது. ஆனா அத எங்க வீட்ல அவ தம்பிக்குக் கேட்டுக்கிட்டு இருந்தா. வீட்டுக்குள்ள இருக்குறவளத் தாண்டி எப்படிச் செய்ய? நீங்களே சொல்லுங்க. அதான் தோணி மொதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லி ரெமியச் சேத்துவிட்டேன். கடக்கரையில பொறந்த பய, கடல்ல சம்பாதிக்கட்டுமேன்னு. ஆள் பட்டியல்ல ஒம்பதாவது பேரு அவனுது. என் கையெழுத்துலதான் எழுதினேன்.

பெல்லார்மின் ஒண்ணும் சொல்லல. 'சரிவே'ன்னான். தோணி போன பொறகும் ஒண்ணும் சொல்லல. இத்தனை வருசத்துல ஒரு நாளாவது என்னைப் பாத்து ஒரு கேள்வி கேட்டிருப்பானா? இல்ல. நட்புன்னா அதுதான்னு நெனச்சேன் சார். அப்படித்தான் நெனச்சேன்.

போன வருசம் நான் ரிட்டயர்டு ஆனேன். க்ளப்புல பங்குனி மாசம் கண்காட்சின்னு சொன்னாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு ஒரு யோசனை வந்துது. 'ஜெபமாலை'ய அப்படியே செஞ்சா என்ன? முப்பத்தஞ்சுல ஒரு பங்கு அளவு. ரெண்டு முழ நீளத்துக்குக் கொஞ்சம் கொறையும். அந்தத் தோணியோட நீள அகலம் எல்லாம் எனக்கு மனப்பாடம், எத்தனை தடவை எழுதியிருப்பேன். மேல ஒம்பது ஆளு. பக்கத்துல தோணி கட்டுற ஜெட்டி, ஜெட்டியில வழியனுப்ப ஒரு ஆபீஸ் கிளார்க்கு, கையில ஃபைலு.

பெல்லார்மினுக்குத் தோணின்னு தெரியும். எந்தத் தோணின்னு தெரியாது. நான் சொல்லல. பேர்ப்பலகையக் கடைசியில மாட்டலாம்னு எடுத்து வச்சிருந்தேன். அவன் பாட்டுக்கு உக்காந்து பலகை தேச்சுக் குடுத்தான், பாய்மரத்துக்குக் கயிறு கட்டிக் குடுத்தான். நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். முடிஞ்ச பொறகு இவன் முகம் எப்படி மாறப்போவுது பாருன்னு. தம்பிக்கு ஒரு கல்லறை கூட இல்லாதவன். இது அவனுக்கு நான் குடுக்குற சாமான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன் சார்.

எட்டு ஆளுக்குக் கடையில விக்கிற ரெசின் வார்ப்புத் தலைய வாங்கி ஒட்டிட்டேன். கையால முகம் போட்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு ஜெட்டியில நிக்கிற கிளார்க்கு. அது நான்தான். கண்ணாடிய எதுக்க வச்சிக்கிட்டு வெள்ளைப் பட்டியில செஞ்சேன், நல்லா அமைஞ்சிட்டு. இன்னொண்ணு ரெமி.

ரெமி முகத்த வெள்ளையில மூணு தடவை செஞ்சு பாத்தேன். வரல. துவரம்பருப்பு அளவு முகம் சார். அதுல ஒரு ஆளக் கொண்டு வரணும். பழைய ஃபைல்ல ரெமி குடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு எங்கிட்ட இருந்துது. அத வச்சுத்தான் செஞ்சேன். இமையப் போடும்போது உதடு காஞ்சிருது. உதட்டத் திருத்தினா மூக்கு சப்பையாவுது. அப்புறம் பெல்லார்மின்ட்டயே கேட்டேன்.

'முகத்துக்கு எந்தப் பட்டிவே நல்லது? நேரம் எடுத்துச் செய்யணும்.'

'யாரு முகம், இவ்வளவு கவலைப்படுதீரு?'

'பொதுவாத்தான் கேக்கேன்.'

அப்பதான் இந்த நாடாவ எடுத்துட்டு வந்து குடுத்தான். 'முகத்துக்கு மட்டும் இத எடும். மூணு பங்கு மஞ்சள், ரெண்டு பங்கு நீலம். மஞ்சளக் கூட்டினா மெதுவா இறுகும், உமக்கு நேரம் கெடைக்கும். ஆனா அதுவரைக்கும் மெத்து மெத்துன்னு கெடக்கும். யார் கையும் படாமப் பாத்துக்கிடும்'னான்.

சொன்னவன் யாரு? அவன்தான். அவன் வாயாலயே சொன்னான்.

மாசி மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணிக்கு உக்காந்தேன். ஃபேன நிறுத்திட்டேன், தூசி வந்து ஒட்டும். அவன் சொன்ன மாதிரியே மூணுக்கு ரெண்டு பெசஞ்சேன். மொதல்ல ஒரு உருண்டை. கண்ணுக்கு ரெண்டு குழி. மூக்குக்கு ஒரு சிட்டிகை. ரெமிக்கு எடது புருவத்துல ஒரு வெட்டு உண்டு, சின்னதுல எங்கயோ விழுந்தது. அது ஊசி முனையால ஒரே ஒரு இழுப்புல வந்துட்டு. எனக்கே மேலெல்லாம் சிலுத்துது. போட்டோவுல அவன் மொறச்சுக்கிட்டு இருப்பான். அப்படியே வச்சா நல்லா இருக்காதுல்லா, பயணம் போற பய. சிரிக்க வச்சேன். அந்த உதட்டோரத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆச்சு. ஒரு கையத் தூக்கி ஜெட்டியில நிக்கிற எனக்கு டாட்டா காட்டுற மாதிரி.

பத்தரைக்குப் பெல்லார்மின் வந்தான். மக்ரூன் பொட்டலத்த அந்த அலமாரி மேல வச்சான். 'உக்காரும், ஒண்ணு காட்டுதேன்'னு லென்ச அவன் கையில குடுத்தேன்.

பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான் சார். பல்லு பாக்குற மாதிரி பக்கத்துல போய்ப் பாத்தான்.

'இது யாருவே?'

'நீரே சொல்லும்.'

'எந்தத் தோணி இது?'ன்னு கேட்டான். நான் பேர்ப்பலகைய எடுத்துக் காட்டுனேன். அதையும் வாங்கிப் பாத்தான். திருப்பி மேசையில வச்சான்.

'சிரிக்கான்'னான்.

'ஆமாவே. நான்தான் சிரிக்க வச்சேன். எப்படி இருக்கு?'

'கரையில நிக்கது யாரு?'

'நான்தான். தெரியலயா?'

லென்சக் கீழ வச்சான். கட்டைவிரல ரெமி முகத்துல வச்சான். கோவத்துல செஞ்சிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும் சார். கோவமே இல்ல. செத்தவங்க கண்ண மூடிவிடுவோம்லா, அப்படி, மேலயிருந்து கீழ பைய ஒரு இழுப்பு. அவ்வளவுதான். நாலரை மணி நேரம். புருவம், உதடு, எல்லாம் போச்சு.

அவன் எந்திரிச்சுப் போய் எங்க வீட்டுக் குழாய்ல சோப்பு போட்டுக் கையக் கழுவினான். துண்டுல தொடச்சான். செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

நீங்க கேக்கலாம், பட்டி இன்னும் மெத்துன்னுதான இருந்துது, திரும்பச் செய்யலாமேன்னு. செஞ்சிருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருந்துது. ஊசிய எடுத்தேன். வச்சிட்டேன். மறுநாள் காலையில பாத்தா கல்லாட்டம் இறுகியிருக்கு. லென்சு வச்சுப் பாக்கேன், அவன் விரல் ரேகை. மூக்கு இருந்த எடத்துல ஒரு சுழி. ஒரு கோடு விடாம எல்லாம் பதிஞ்சிருக்கு. நுணுக்கத்த அப்படியே பிடிக்கும்னு சொன்னேம்லா, அதுதான் அதோட சிறப்பு.

போன் பண்ணினேன். 'எதுக்குவே இப்படிச் செஞ்சீரு?'

அவன் சொல்லுதான், 'கை பட்டுட்டுவே.'

கை பட்டுட்டாம். இருபத்தாறு வருசம் பழகினவன்கிட்ட சொல்லுற பதிலா இது? திட்டியிருக்கலாம். ஏன் செஞ்சேன்னு சொல்லியிருக்கலாம். பொய் சொல்லுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை வருவான்னு பாத்தேன், வரல. அதுக்கடுத்த வாரமும் வரல. நானும் போகல. நான் எதுக்குப் போவணும்? பாதிக்கப்பட்டவன் நான். டீக்கடையில நாலு பேருகிட்ட சொன்னேன், மறைக்க என்ன இருக்கு? க்ளப் குரூப்புல கூட, பேரு போடாம, கூட இருந்தே அழிக்கிறவங்க இருக்காங்கன்னு எழுதினேன். அன்னைக்கே அவன் குரூப்புல இருந்து வெளிய போயிட்டான். உங்க கண்காட்சிக்கும் நான் வரல. அந்தத் தோணிய எப்படிக் கொண்டு வர?

ஒரு மாசம் இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் ஜெனோவா வந்து நிக்கா. ரெமி பொண்டாட்டி. பாலர் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா. ரெமி போன பொறகு பொறந்த பொண்ணு இப்ப காலேசுல படிக்கி.

'அண்ணாச்சி, அந்தத் தோணியப் பாக்கலாமா?'ன்னா.

எனக்கு மனசுக்குச் சந்தோசமாத்தான் இருந்துது. ஒரு ஆளாவது கேட்டு வந்தாளேன்னு. கூட்டிட்டு வந்து காட்டுனேன். 'பாரும்மா உங்க அத்தான் பெல்லார்மின் செஞ்ச வேலைய'ன்னு ரெமிய லென்சுல காட்டுனேன். எல்லாத்தையும் சொன்னேன். எத்தனை மணிக்கு உக்காந்தேன், எப்படிப் புருவம் வந்துது, எப்படிச் சிரிக்க வச்சேன், எல்லாம். அந்தப் போட்டோவயும் எடுத்துக் குடுத்தேன்.

அவ போட்டோவத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. 'இது உங்ககிட்டயா இருக்கு?'ன்னா. அப்புறம் தோணியப் பாத்தா. ஜெட்டியில நிக்கிற என்னையும் பாத்தா. 'நீங்க நல்லா வந்திருக்கீங்க அண்ணாச்சி'ன்னா.

பொறகு அவளாவே சொன்னா. சத்தமாக்கூட சொல்லல.

'அன்னைக்குக் காலையில அவரு சிரிக்கல அண்ணாச்சி. கஞ்சி வச்சுக் குடுத்தேன், ஒரு வாய் குடிக்கல. தோணியில ஏறினா கொடலே வெளிய வந்துருதும்பாரு. மொதப் பயணம் போயிட்டு வந்து மூணு நாளு எந்திரிக்கல. ரெண்டாவது தடவை போகமாட்டேன்னு கட்டிலப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. அத்தான்தான், நயினார் அண்ணாச்சி சொல்லிச் சேத்துவிட்டது, ஒரே பயணத்துல நின்னா அவருக்கு அசிங்கம், இந்த ஒரு தடவை போயிட்டு வந்துருலேன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஏத்திவிட்டாரு.'

எனக்கு யாராவது சொன்னாங்களா? ஒரு வார்த்தை, 'பய பயப்படுதான்வே'ன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? பட்டியல்ல ஒரு பேர அடிச்சிட்டு இன்னொரு பேரு எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆவும்? பதினெட்டு வருசமா ஒரு குடும்பமே எங்கிட்ட மறச்சிருக்கு. வாராவாரம் எங்க வீட்டுக்கு வாரான், எதுக்க உக்காருதான், மக்ரூன் திங்கான், இத மட்டும் சொல்லல. அந்த விரல் பட்டதவிட இதுதான் எனக்குப் பெரிசாப் பட்டுது. அத ஜெனோவாட்டயும் சொன்னேன். 'நீங்க எல்லாரும் சேந்து என்னை வேத்தாளா வச்சிட்டீங்களேம்மா'ன்னேன்.

அவ, 'இந்தப் போட்டோவ நான் எடுத்துக்கிடட்டுமா?'ன்னு மட்டும் கேட்டா. எடுத்துக்கோன்னேன். கைப்பைக்குள்ள வச்சிக்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் பெல்லார்மின் வந்தது ஐப்பசியில. எட்டு மாசம் கழிச்சு. ஞாயித்துக்கிழமை கூட இல்ல, ஒரு புதன்கிழமை. கையில பொட்டலம் இல்ல. வாசல்லயே நின்னான். 'உள்ள வாரும்'னேன். வந்து, இந்தா இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நாற்காலிக்குப் பின்னால நின்னான். உக்காரல.

'ரெமிக்குக் கல்லறை கட்டுதோம்வே. ஜெனோவா இப்பதான் சம்மதிச்சா. இத்தனை வருசமா வேண்டாம் வேண்டாம்னா.'

'நல்ல காரியம்'னேன்.

'உள்ள வைக்க ஒண்ணுமில்ல. அவன் சட்டை ஒண்ணு இருக்கு. ஜெனோவா அந்த உருவத்த வாங்கிட்டு வரச் சொன்னா.'

'முகமே இல்லாததயா?'

'அதத்தான்.'

எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம். அழிச்சவனும் அவன்தான், கேட்டு வாரவனும் அவன்தான். எட்டு மாசமா நான் எப்படி இருந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கல்லறைக்கு வைக்கணுமாம். நான் சொன்னேன், 'மன்னிப்புக் கேளும், தாரேன்.'

அவன் என்னைப் பாத்தான். நான் நெனச்சேன், திரும்பிப் போயிருவான்னு. ரோசக்காரன். போகல.

'என்னை மன்னிச்சிரும் நயினாரே'ன்னான்.

தரையப் பாத்தெல்லாம் சொல்லல. என் முகத்தப் பாத்துச் சொன்னான். சொல்லிட்டு அப்படியே நின்னான். ஏதோ நான் அடுத்தாப்புல ஒண்ணு சொல்லணும், அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான் போல நின்னான். நான் என்ன சொல்ல? 'சரி, விடும்'னேன்.

'சரிவே'ன்னான்.

குறடால ரெமிய மெதுவாப் புடிச்சு இழுத்தேன். குதிங்கால்ல கம்பி விட்டு ஒட்டியிருந்தேன், பலகையோட ஒரு சில்லும் பேந்து வந்துது. பெல்லார்மின் பையில இருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா எடுத்தான். செட்டுப் பல்லு வச்சுக் குடுக்குற டப்பா. உள்ள பஞ்சு வச்சிருந்தான். படுக்க வச்சான். டாட்டா காட்டுற கையி மூடியில இடிச்சுது. ஒரு பக்கமாத் திருப்பிப் படுக்க வச்சு மூடினான். போயிட்டான்.

நான் கேட்டது கெடைச்சுதா இல்லியா? மன்னிப்புக் கேட்டானா இல்லியா? ஆனா அன்னையில இருந்து இந்த மேசையில என்னால உக்கார முடியல சார். லென்சக் கையில எடுத்தா அவன் நின்ன நிப்புதான் தெரியுது. அப்படி என்னத்த எதிர்பாத்து நின்னான்? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். வீட்ல கேட்டேன். அவ என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அதான் எல்லாத்தையும் குடுத்துருவோம்னு குரூப்புல போட்டேன்.

இந்த மாசம் ரெண்டாந்தேதி அவங்களுக்குக் கல்லறைத் திருநாளு. சாயங்காலம் எல்லாரும் போய்க் கல்லறைய அலங்காரம் பண்ணி மெழுகுவர்த்தி கொளுத்துவாங்க. அன்னைக்குத்தான் ரெமி கல்லறைய ஜெபம் சொல்லி மந்திரிக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஊர்ல எல்லாரும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குன்னு ஒரு சொல்லு வரல. சரி, மறந்திருப்பாங்க, நாமளே போவோம்னு சட்டைய மாத்திக்கிட்டுப் போனேன். கல்லறைத் தோட்டத்து வாசல்ல மெழுகுவர்த்தி வித்துக்கிட்டு இருந்தாங்க, ஒரு பாக்கெட் வாங்கிக்கிட்டேன்.

வாசல்ல இருந்தே தெரியுது. சுவரோரமா, வெள்ளையடிச்ச புதுக் கல்லறை. சாமியாரு தண்ணி தெளிக்காரு. ஜெனோவா, அந்தப் பொண்ணு, பெல்லார்மின். கல்லுல அந்தப் போட்டோவப் பதிச்சிருக்காங்க. மொறச்சுக்கிட்டு இருக்குற அதே போட்டோ. பெல்லார்மின் மெழுகுவர்த்தியக் காத்துக்கு மறைச்சு வச்சிட்டு நிமிந்தான். என்னைப் பாத்தான். நல்லாப் பாத்தான் சார், பாக்கலன்னு சொல்ல முடியாது. நானும் கையில பாக்கெட்ட வச்சிக்கிட்டு நின்னேன். அவன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, மறுபடி குனிஞ்சு அடுத்த மெழுகுவர்த்தியக் கொளுத்த ஆரம்பிச்சிட்டான்.

கூட்டம் கலையுற வரைக்கும் வாசல்லயே நின்னேன். பாக்கெட்டப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

அந்தக் கல்லறைக்குள்ள கெடக்குறது யாரு செஞ்சது சார்? அந்தக் கையி, காலு, வேட்டி மடிப்பு, எல்லாம் நான் செஞ்சது. ஒரு வார்த்தை, 'உள்ள வாரும்வே'ன்னு ஒரே ஒரு வார்த்தை அவன் வாயில இருந்து வரல. வாசல் இரும்புக் கேட்டு என்னமோ தொறந்துதான் கெடந்துது.